ஏரோதுவின் நாற்பத்தோரு குதிரைகள்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். அவர் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார், தெர்மகோலும் டேப்பும் வாங்க. உங்களுக்குக் கட்டிக்கொடுக்கத்தான். "கோயம்புத்தூர்லருந்து வரதன் சார் வர்றாரு, நாப்பத்தோரு பேரையும் அவருகிட்ட குடுத்துடப் போறேன்" என்று இன்றைக்குக் காலையில்தான் என்னிடம் சொன்னார். தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டிருக்கும்போது! நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு இட்லி வைத்தேன், அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்டு போங்கள் சார். தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

கேக் சாப்பிடுவீர்களா? முட்டை போட்டது. சாப்பிடமாட்டீர்களா, சரி, முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் கொடுக்கிறார் என்று உங்களிடம் என்ன சொன்னார்? கண் சரியில்லை என்றாரா? அப்படித்தான் சொல்லியிருப்பார். அவருக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. போன மாதம்தான் டாக்டர் பார்த்து, இந்த வயதில் இப்படி ஒரு கண்ணா என்றார். கண் காரணமில்லை சார். நான்தான் காரணம். நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமே சொல்லிவிட்டேன். மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம் கொடுத்தார். மூன்றுதான். அவ்வளவு சின்னப் பாவம் அது.

அதோ அந்தக் கண்ணாடி அலமாரியைப் பாருங்கள். மாதா நிற்கிறார்களே, அதுதான். என் கல்யாணத்துக்கு என் அம்மா கொடுத்தது. தேக்கு. என் அம்மா அதில் ஒரு சாமானும் வைத்துக் கொடுக்கவில்லை. மாதா சுரூபம் ஒன்றை மட்டும் நடுவில் வைத்து, "அமலோற்பவம், இதுல வேற எதையும் வைக்காதே" என்று சொல்லிக் கொடுத்தாள். முப்பத்தோரு வருஷம் நான் வேறு எதையும் வைக்கவில்லை. இவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் டிராயிங் செக்‌ஷனிலிருந்து ரிட்டயர் ஆன மறுமாதம், நான் மகள் ஸ்டெல்லாவின் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், அலமாரி முழுக்கக் குதிரை! ஈயக் குதிரை, ஈயச் சிப்பாய். மாதா எங்கே என்றால் ஃப்ரிட்ஜ் மேலே.

"என்னங்க இது?"

"கண்ணாடி இல்லாட்டி தூசி ஏறிடும் அமலி. பெயிண்ட் போயிடும்."

"மாதாவுக்குத் தூசி ஏறாதா?"

"மாதாவுக்கு நீ தொடைப்பியே. இதை நீ தொடைக்கக் கூடாது."

பார்த்தீர்களா பதிலை? ஏழு வருஷம் சார். ஏழு வருஷம் என் மாதா ஃப்ரிட்ஜ் மேலே நின்றார்கள். ஃப்ரிட்ஜ் ஓடும்போதெல்லாம் நடுங்கிக்கொண்டு. ஜெபமாலை சொல்ல முட்டிபோட்டால் எதிரே ஃப்ரிட்ஜ் கதவு. மாம்பழம் படம் போட்ட காந்தம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. எல்லாவற்றையும் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தேன். ஒவ்வொரு நாளையும் தனித்தனியாக ஒப்புக்கொடுத்தேன். அதனால்தான் ஏழு வருஷம், நான்கு மாதம், ஒன்பது நாள் என்று எனக்குத் தெரியும்.

சரி, பொம்மை வைத்துக்கொள்ளட்டும். சின்ன வயதில் இல்லாத ஆசை, வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தச் சரித்திரம் இருக்கிறதே! எல்லாம் சரித்திரப்படி இருக்கவேண்டும். நெப்போலியன் காலத்துக் குதிரைப்படை, ஐந்தாம் ஹுஸார் ரெஜிமென்ட். ஏழாம் ரெஜிமென்ட் இல்லை, அவர்களுக்குப் பச்சைச் சட்டை. இவர்களுக்கு வான நீலச் சட்டை, வெள்ளையில் ஒரு குட்டைக் கோட்டு, அதைப் போட்டுக்கொள்ளாமல் இடது தோளில் தொங்கவிட்டிருப்பார்கள். சரிகைப் பின்னல் எலுமிச்சை மஞ்சள். எக்காளம் ஊதுகிறவனுக்கு மட்டும் எல்லாம் தலைகீழ்: வெள்ளைச் சட்டை, நீலக் கோட்டு, அவன் குதிரையும் வெள்ளை. புகையிலும் கூட்டத்திலும் தளபதி அவனைச் சட்டென்று கண்டுபிடிக்கவேண்டும் அல்லவா, அதற்கு. நான் ஒன்றும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை சார். எட்டாவதோடு நின்றவள். காதில் விழுந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது?

அந்த நீலத்துக்காக அவர் பட்டபாடு உங்களுக்குத் தெரியும். கடையில் வாங்குகிற நீலம் ஆகாது. தானே கலக்கவேண்டும். வெள்ளை, நீலம், ஊசிமுனையளவு கறுப்பு. காய்ந்தபிறகு ஒரு துளி கூடிவிட்டது என்று பன்னிரண்டு பேருக்குச் சட்டையைச் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். அந்த வாரம் மகன் பிரிட்டோ குவைத்திலிருந்து பேசுகிறான், "அப்பா எங்கம்மா?" "அப்பா சட்டை மாத்திக்கிட்டிருக்காருப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒருநாள் கேட்டேன். "ஏங்க, நம்ம கல்யாணத்தன்னிக்கு சாயங்காலம் நான் என்ன கலர் சேலை கட்டியிருந்தேன்?"

பிரஷ்ஷை அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"போட்டோ இருக்கா?" என்றார்.

"இருக்கு. கறுப்பு வெள்ளை."

"அப்போ உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் சார்! இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன வெள்ளைக்காரன் கை மடிப்பு என்ன நிறம் என்று உறுதியாகச் சொல்லமுடிகிறது. அரக்குச் சேலை சார். அரக்கில் பொன் பூ.

இதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் முந்தின வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஒன்று செய்தாரே, அதை என்னால் பொறுக்கமுடியவில்லை.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், குடில் போட்டி நடக்கும் சார். கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறந்த மாட்டுக்கொட்டில் மாதிரி வீட்டில் ஜோடிப்போமே, அதுதான் குடில். சாமியாரும் ஒரு சிஸ்டரும் ஒரு டீச்சரும் வீடுவீடாக வந்து பார்த்து மார்க் போடுவார்கள். நான் ஒரு மாதம் வேலை செய்தேன். கேழ்வரகு முளைக்கப்போட்டு வயல், காகிதத்தைக் கசக்கிச் சாயம் அடித்து மலை, பஞ்சில் பனி, கண்ணாடித் துண்டில் குளம், அதில் வாத்து. மூன்று ராஜாக்கள், ஒட்டகம். சிஸ்டர் கைதட்டியே விட்டார்கள். முதல் பரிசு எனக்குத்தான் என்று டீச்சர் முகத்திலேயே எழுதியிருந்தது. அப்போது இவர், யாரும் கேட்காமல், ஈஸிசேரிலிருந்து எழுந்து வந்து சொல்கிறார்:

"ஃபாதர், ஒட்டகத்துக்கு ரெண்டு திமில் இருக்கு பாருங்க. அந்த ஊர்ல ஒத்தைத் திமில்தான்."

சாமியார் சிரித்தார்.

"ராஜா மூணு பேருன்னு பைபிள்ல எங்கயும் எண்ணிக்கை இல்லை. அப்புறம் அந்த வாத்து..."

"வாத்துக்கு என்ன?" என்றேன்.

"வாத்து இருக்கட்டும். பனி எப்படி வரும்னு தெரியலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? முதல் பரிசு நாலாவது தெரு மரியபுஷ்பத்துக்கு. அவள் செய்தது என்ன தெரியுமா? ஒரு கொட்டகை, ஒரு குழந்தை, மோட்டார் வைத்த நீரூற்று. பெத்லகேமில் மோட்டார்! அதற்கு யாரும் சரித்திரம் பேசவில்லை. அவளுக்குக் குக்கர். எனக்கு ஆறுதல் பரிசு, பிளாஸ்டிக் ஜக்கு. இப்போது நீங்கள் தண்ணீர் குடித்தீர்களே, அந்த ஜக்குதான். தினமும் அவருக்கு அதில்தான் தண்ணீர் வைப்பேன். மறக்கக்கூடாது என்பதற்காக இல்லை. கெட்டியான ஜக்கு.

நான் பழிவாங்குகிறவள் இல்லை சார். மன்னித்துவிட்டேன். ஆனால் மன்னித்துவிட்டோமே என்று நினைக்கும்போதெல்லாம் அந்தத் திமில் ஞாபகம் வந்துவிடும். மாதாவிடமே கேட்டேன். ஃப்ரிட்ஜ் முன்னால் முட்டிபோட்டு, "அம்மா, உன்னையும் கீழே தள்ளினவர், என்னையும் தலைகுனிய வைத்தவர். நான் ஏதாவது செய்யலாமா கூடாதா, ஒரு அடையாளம் காட்டு" என்று நவநாள் செய்தேன். ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் முடிகிறது டிசம்பர் எட்டு. அமலோற்பவ மாதா திருநாள். என் பேர் கொண்ட திருநாள்.

அன்றைக்கு இவர் எனக்கு ஒரு வாழ்த்துச் சொல்லவில்லை. விடியற்காலை பூசைக்கு நான் கிளம்பும்போது எழுந்து உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து வருகிறேன், வாசலில் நிற்கிறார்.

"மாதாவைப் பார்த்தியா?" என்றார்.

"கோயில்லருந்துதான வர்றேன். பார்க்காம?" என்றேன்.

"சரி சரி" என்று போய்விட்டார். அந்தக் குத்தலைப் பாருங்கள்.

உள்ளே வந்து விளக்கேற்றப் போனேன் சார். மாதாவின் போர்வை ஏழு வருஷமாக உரிந்து உரிந்து வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்துகொண்டிருந்தது. மூக்கு நுனியில்கூட ஒரு சில்லு போயிருந்தது. எல்லாம் சரியாகியிருந்தது! போர்வை புதுசாக, பளபளவென்று. மூக்கு முழுசாக. ஒரு வாசனை வேறு. புனிதர்கள் இருக்கும் இடத்தில் வாசனை வரும் என்பார்களே. மல்லிகை இல்லை, ரோஜா இல்லை, மூக்கில் லேசாக ஏறுகிற மாதிரி ஒரு வாசனை. எனக்குக் கண்ணீர் கொட்டுகிறது. மாதா பதில் சொல்லிவிட்டார்கள். செய் மகளே என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகுதான் துணிந்தேன்.

டிசம்பர் இருபதாம் தேதி உங்கள் பொம்மைச் சிப்பாய் சங்கக் கூட்டத்துக்காகக் கோயம்புத்தூர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே அவர் பஸ் ஏறினார், நான் அலமாரியைத் திறந்தேன். நாற்பத்தோரு பேரையும் எடுத்தேன். பயமாகத்தான் இருந்தது, கையில் எடுத்தால் ஒவ்வொன்றும் நல்ல கனம். குடிலில் மலைக்குப் பின்பக்கமிருந்து ஆரம்பித்து, வளைந்து வளைந்து பெத்லகேம் வரைக்கும் இறக்கினேன். ஏரோது மன்னன் படை, சார். பச்சைக் குழந்தைகளை வெட்ட வருகிற படை. அவர் பெற்ற பிள்ளைபோல வளர்த்தவர்கள் அத்தனை பேரும் குழந்தை இயேசுவைக் கொல்ல வருகிறார்கள்! ஒரு அட்டையில் எழுதிக்கூட வைத்தேன், 'ஏரோதுவின் பாவிகள்' என்று.

எக்காளம் ஊதுகிறவனை மட்டும் தனியாக எடுத்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் குதிரை, வாயில் எக்காளம். எனக்கு ஒரு சம்மனசு, அதாவது தேவதூதன், வேண்டியிருந்தது. தெர்மகோலில் இறக்கை வெட்டி முதுகில் ஒட்டி, கொட்டகைக்கு மேலே நிற்கவைத்தேன். குதிரைமேல் வந்த முதல் சம்மனசு அவன்தான்.

கடைசியாகக் கேப்டன். அவனுக்குப் பதினோரு மாதம் உழைத்தார். அவன் குதிரையின் கண்ணில் ஒளிப்புள்ளி வைக்க மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் கேட்கக்கூடாது. அவனுக்கு ஜிகினாத்தாளில் கிரீடம் வைத்தேன். அவன்தான் ஏரோது. ஏரோதுவுக்குக் குதிரை எதற்கு? குழாய் ஒழுகினால் அடைப்போமே எம்-சீல், அதைப் பிசைந்து, குதிரைக்கு இரண்டு நீளக் காது வைத்தேன். கல்லாகிவிட்டது. இனிப் பிடுங்கினால் மண்டையோடுதான் வரும். கழுதைமேல் ஏரோது!

செய்து முடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். நானே கும்பிட்டேன் சார். அவ்வளவு அழகு.

இருபத்திமூன்றாம் தேதி சாயங்காலம் நடுவர்கள் வந்துவிட்டார்கள். புதுசாக வந்த உதவிச் சாமியார், அதே சிஸ்டர், அதே டீச்சர். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள், அந்த நேரம் பார்த்து இவர் பையோடு உள்ளே வருகிறார். இதை நான் திட்டம் போடவில்லை. பஸ் லேட்டாக வந்தது கடவுள் செயல்.

முதலில் அலமாரியைப் பார்த்தார். காலி. பிறகு குடிலைப் பார்த்தார். பை கையிலேயே இருந்தது.

டீச்சர்தான் ஆரம்பித்தது. "வாங்க தைரியநாதன் சார். போன வருஷம் ஒட்டகத்துக்குத் திமில் எண்ணுனீங்களே. இந்த வருஷம் என்ன குத்தம் சொல்லப் போறீங்க?"

சாமியாரும் சிரித்துக்கொண்டே, "ஆமா ஐயா, நீங்க சரித்திரக்காரர்னு சொன்னாங்க. ஏரோது படை இப்படித்தான் இருந்திருக்குமா?" என்றார்.

நான் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்குத்தானே காத்திருந்தேன்! தப்பு என்று சொன்னால், எட்டு வயதுப் பையன் மாதிரி பொம்மை விளையாடுகிற கதை ஊருக்கே தெரிந்துபோகும். சரி என்று சொன்னால், அவர் சரித்திரம் அன்றோடு செத்தது. இரண்டில் எது சொன்னாலும் எனக்குச் சந்தோஷம்.

ஒவ்வொருவராகப் பார்த்தார். நாற்பத்தோரு பேரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையெல்லாம் எம்-சீல். நகத்தில் ஜிகினா.

"சரியாத்தான் இருக்கு ஃபாதர்" என்றார்.

"கழுதை கூடவா?"

"கழுதைக்கு... காது இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருக்கணும். மத்தபடி எல்லாம் சரி."

அந்த நேரம் பார்த்துச் சம்மனசின் ஒரு இறக்கை கழன்று விழுந்தது. இவர் குனிந்து எடுத்து, வாயால் ஊதி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பசை காய்கிறவரைக்கும் நின்றார். பொம்மை உடைந்துவிடுமோ என்று பயம்! நடுவர்கள் போகிறவரைக்கும் அப்படியே நின்றார்.

முதல் பரிசு எனக்கு. ஏரோதுவைக் கழுதையில் ஏற்றியதில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது என்று சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். மரியபுஷ்பம் என்னோடு இன்னும் பேசுவதில்லை.

இவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை சார். ஏன் செய்தாய் என்று கேட்கவேண்டாமா? கத்தவேண்டாமா? எத்தனை பதில் நான் தயாராக வைத்திருந்தேன்! ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தோம். நாற்பத்தோரு பேரையும் பஞ்சில் சுற்றி அந்த அட்டைப்பெட்டியில் வைத்தார். இறக்கையைப் பிடுங்கவில்லை, காதைத் தொடவில்லை. மாதாவை அவரே இரண்டு கையாலும் தூக்கி அலமாரியில் வைத்தார். பிரஷ்ஷையெல்லாம் கழுவிக் கவிழ்த்தார். எட்டு மாதமாகிறது, இன்னும் தொடவில்லை. சாயங்காலம் ஈஸிசேரில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். டிவியில் ராஜா கதை சீரியல் போகும். ராஜா கையில் வாட்ச் தெரிகிறது என்று நானே ஜாடை காட்டினேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார்.

அதாவது, நான் ஜெயித்துவிட்டேன். மாதா ஜெயித்துவிட்டார்கள். எங்கள் அன்பியக் கூட்டத்தில் அந்த அற்புதத்தைப் பற்றிச் சாட்சிகூடச் சொன்னேன். அன்பியம் என்றால் எங்கள் தெரு ஜெபக்கூட்டம். போர்வை எப்படிப் புதுசானது, மூக்கு எப்படி வளர்ந்தது, எல்லாம் நின்று சொன்னேன். முப்பது பேர் அழுதார்கள். இவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், தலையைக் குனிந்துகொண்டு. மனம் திரும்புகிறார் என்று நினைத்தேன்.

கிட்டப் போய்ப் பாருங்கள் சார், நீங்கள் வேறு மதம் என்றாலும் பரவாயில்லை, மாதா எல்லோருக்கும் அம்மா. கண்ணாடியைத் திறந்தே பாருங்கள். போர்வையில் அந்த நீலத்தைப் பாருங்கள்.

என்ன சார்?

ஏன் பெட்டியைத் திறக்கிறீர்கள்? அவர் வரட்டுமே. அந்தச் சிப்பாயை எதற்கு மாதா பக்கத்தில் பிடிக்கிறீர்கள்?

என்ன சொல்கிறீர்கள்? அவர் கலக்குகிற நீலமா?

இல்லை சார். வெளிச்சத்தில் அப்படித் தெரியும். ஜன்னல் பக்கம் கொண்டுவாருங்கள்.

...

ஊசிமுனையளவு கறுப்பு.

கொஞ்சம் இருங்கள் சார். நான் உட்கார்ந்துகொள்கிறேன். இல்லை, தண்ணீர் வேண்டாம். அந்த ஜக்கை அங்கே வையுங்கள்.

"மாதாவைப் பார்த்தியா?" என்று கேட்டார் சார். வாசலில் நின்றுகொண்டு.

அந்த வாசனை. டர்பன்டைன். ஏழு வருஷமாக இந்த வீட்டில் அடிக்கிற வாசனை எனக்குத் தெரியாமல் போய்விட்டதே! முப்பது பேர் முன்னால் நின்று மூக்கு வளர்ந்தது என்று சொன்னேன், அந்த மனுஷர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னாரா? ஒரு வார்த்தை? வீட்டுக்கு வந்தபிறகாவது, அமலி, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? வாத்துக்குக்கூட வாய் திறந்த மனுஷர்! எட்டு மாதம் என்னை இப்படி வைத்திருக்கிறார் சார், எட்டு மாதம். இது எவ்வளவு பெரிய வஞ்சகம்!

மாதா செய்தார்களா, இவர் கையைப் பிடித்துச் செய்யவைத்தார்களா, அது எனக்கும் மாதாவுக்கும் உள்ள விஷயம். அதை நான் ஜெபத்தில் பேசிக்கொள்கிறேன். ஆனால் இவரை நான் விடுவதாக இல்லை.

பெட்டியை மூடுங்கள் சார். நீங்கள் இதை எடுத்துக்கொண்டு போகக்கூடாது. நல்ல கதையாக இருக்கிறதே, எல்லாவற்றையும் உங்கள் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஈஸிசேரில் காலை நீட்டிக்கொண்டு இவர் நிம்மதியாக இருப்பாராமா? நான் யாரோடு மல்லுக்கு நிற்பது? இருக்கட்டும். இங்கேயே இருக்கட்டும். அலமாரியில் மேல்தட்டு மாதாவுக்கு. கீழ்த்தட்டில் இவர்கள் நிற்கட்டும், மாதாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு. இந்த டிசம்பரிலும் ஏரோது வருவான். காதை இன்னும் பெரிதாக இவரே செய்து ஒட்டட்டும். சிறியது என்றாரே, செய்யட்டும். நான் பக்கத்தில் நின்று குற்றம் சொல்கிறேன். ஒன்று விடாமல் சொல்கிறேன்.

கேட் சத்தம் கேட்கிறது. அவர்தான். நீங்கள் நீலத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள் சார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக்கூடாது. டிசம்பர் எட்டு வரைக்கும் தெரியக்கூடாது. அரக்குச் சேலை கட்டிக்கொண்டு நானே கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்பார். கழுதை சரித்திரப்படி தப்பு, எங்கள் சங்கத்தில் சேர்க்கமாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கடுமையாகவே சொல்லுங்கள்.

வாங்க, வந்துட்டீங்களா? இந்த வெயில்ல அவ்வளவு தெர்மகோலையும் தூக்கிட்டு... இங்க குடுங்க. இறக்கைக்கு ஆகும்.